ரோட்டரியில் சேரலாமா?

கேள்வி: குடியாத்தத்தில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன். ரோட்டரி சங்கத்தில் சேரச் சொல்லி நண்பர் விடாமல் கூப்பிடுகிறார். சால்வை, போட்டோ, ஓட்டல் சாப்பாடு தவிர அதில் என்ன இருக்கிறது என்று வீட்டில் கேட்கிறார்கள். சேரலாமா? (குடியாத்தம் வாசகர்)

பதில்: சேருங்கள், ஆனால் அவசரம் வேண்டாம். ரோட்டரிக்கு வருஷம் பிறப்பது ஜூலை 1-ல், அன்றுதான் புதுத் தலைவர் பொறுப்புக்கு வருவார். அதற்குள் நாலு கூட்டத்துக்கு நண்பரின் விருந்தாளியாகப் போய் உட்காருங்கள். நுழைவுக் கட்டணம் எவ்வளவு, சந்தா எவ்வளவு, அதற்கு மேல் விழாவுக்கு விழா கைக்காசு எவ்வளவு போகும் என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள், கேட்கக் கூச்சப்பட்டுச் சேர்ந்துவிட்டு அப்புறம் சந்தா கட்ட முடியாமல் நின்றுபோனவர்களை எனக்குத் தெரியும்.

வீட்டில் கேட்பது நியாயம்தான். ஒரு பள்ளிக்கூடத்துக்குக் குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் கொடுத்த விழாவுக்குப் போயிருந்தேன், ரிப்பன் வெட்டினார்கள், கைதட்டினோம். ஆறு மாதம் கழித்து அதே பள்ளிக்குப் போனால், பில்டர் மாற்ற ஆளில்லாமல் இயந்திரம் ஓரமாகக் கிடக்கிறது, அதன் தலையில் சாக்பீஸ் டப்பா. பிள்ளைகள் பழையபடி குழாயடியில். கொடுத்த சங்கத்தில் ஒருவருக்கும் இது தெரியவில்லை. வயிறு எரிந்தது. அதிலிருந்து எந்தச் சங்கத்துக்குப் போனாலும் நான் கேட்பது ஒன்றுதான்: கொடுத்த பொருளைத் திரும்பப் போய்ப் பார்த்தீர்களா? நீங்களும் அதைக் கேளுங்கள்.

திரும்பத் திரும்பப் போனால் என்ன நடக்கும் என்பதற்கு நம்ம வேலூரே சாட்சி. ஊரிலுள்ள சின்னக் குழந்தைகள் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் முறையை சி.எம்.சி. மருத்துவமனையின் வைரஸ் ஆய்வாளர் டி.ஜேக்கப் ஜான் குழுவினர் இங்கே செய்து பார்த்து, 1983-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் முடிவை எழுதினார்கள். 1985-ல் ரோட்டரி 'போலியோ பிளஸ்' திட்டத்தைத் தொடங்கியது, பத்து வருஷம் கழித்து நாடு முழுக்க அந்த ஞாயிற்றுக்கிழமை முகாம்கள் வந்தன. காட்பாடி ரயில் நிலையத்தில் ஒரு முகாமில் நானும் நின்றிருக்கிறேன். மருந்துக் குப்பி லேபிளில் ஒரு வட்டம், அதற்குள் வெள்ளைச் சதுரம் இருக்கும். சூடு பட்டுச் சதுரம் கருத்து வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது. பக்கத்தில் நின்ற ஹார்டுவேர் கடைக்காரர் ஒவ்வொரு குப்பியையும் கண்ணருகே தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் நர்சிடம் கொடுத்தார், கடையில் சரக்கு சரிபார்க்கிற அதே கண். ஒவ்வொரு சுற்றுக்கும் வந்தார். 2011 ஜனவரியில் ஹவுராவில் ஒரு குழந்தைக்கு வந்ததுதான் இயற்கை வைரஸால் நாட்டில் வந்த கடைசிப் போலியோ, 2014 மார்ச் 27-ல் அது ஒழிந்தது என்று சான்றிதழே கிடைத்துவிட்டது.

ரோட்டரிக்கு வேண்டியது இந்தத் தொழில் கண்தான். 1905-ல் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல் முதலில் கூட்டியதே ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையல்காரர் என்று ஆளுக்கொரு தொழில்காரரைத்தான். மாறி மாறி ஒவ்வொருவர் அலுவலகத்தில் கூடியதால், சுழல்வது என்ற அர்த்தத்தில் ரோட்டரி என்று பெயர். உங்களுக்குத் துணி தெரியும், பேரம் தெரியும், நூறு சீருடை தைக்க எவ்வளவு ஆகும் என்று வாயாலேயே சொல்லிவிடுவீர்கள். அதைக் கொண்டுபோங்கள்.

கேள்வி: லயன்ஸ் வேறு, ரோட்டரி வேறா? (ஆம்பூர் வாசகர்)

பதில்: வேறுதான். லயன்ஸ் 1917-ல் மெல்வின் ஜோன்ஸ் தொடங்கியது. 1925-ல் பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத எழுத்தாளர் ஹெலன் கெல்லர் லயன்ஸ் மாநாட்டுக்கே வந்து பார்வையற்றவர்களுக்கு உதவச் சொல்லிக் கேட்டார், கண் முகாம் என்றதும் லயன்ஸ் ஞாபகம் வருவது அதனால்தான்.

கேள்வி: நான் ஆடிட்டர். "பெண்களுக்குத்தான் இன்னர் வீல் இருக்கிறதே" என்கிறார்கள். ரோட்டரியில் எனக்கு இடம் இல்லையா? (ராணிப்பேட்டை வாசகி)

பதில்: இருக்கிறதம்மா. இன்னர் வீல் ரோட்டரிக்காரர்களின் மனைவிமார் 1924-ல் மான்செஸ்டரில் தொடங்கிய தனி அமைப்பு, நல்ல அமைப்பு, ஆனால் நீங்கள் கேட்டது அதை இல்லையே. ரோட்டரி 1989-ல் பெண்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது, 2022-ல் ஜெனிஃபர் ஜோன்ஸ் உலகத் தலைவராகவே வந்துவிட்டார். தயங்காமல் கேளுங்கள். சேர்ந்ததும் பொருளாளர் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். பாஸ்புக்கும் ரசீது புத்தகமும் மாதாமாதம் கூட்டத்தில் மேஜை மேல் இருக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.