தீவுகளை அறிதல் – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சமீபத்தில் பசிபிக் தீவு ஒன்றுக்குச் சுற்றுலா போய்வந்தேன். கடலும் மணலும் கண்கொள்ளாக் காட்சி. விடுதியில் தினமும் மாலையில் பாரம்பரிய நடனம் உண்டு. ஆனால் அந்த மக்களைப் பற்றி ஒன்றுமே தெரிந்துகொள்ளாமல் திரும்பிவிட்டேனோ என்று உறுத்துகிறது. அவர்களின் பண்பாடு இன்னும் உயிரோடு இருக்கிறதா, பயணிகளுக்காக நடத்தப்படும் காட்சிதான் மிச்சமா? மறுபடி போனால் எங்கிருந்து தொடங்குவது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நடனத்தை நான் குறைசொல்ல மாட்டேன். ஆடுபவர்களுக்கு அது சொந்தக் கலை. பாட்டின் பொருள் நமக்குத்தான் பிடிபடுவதில்லை. உயிரோடு இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது. நல்ல தண்ணீரையும் மீனையும் அவர்கள் எப்படிக் காக்கிறார்கள், எப்படிப் பங்கிடுகிறார்கள் என்று பார்த்தால் கண்ணில் படும்.

தண்ணீரிலிருந்தே தொடங்குங்கள். பவளத்தீவில் ஆறு கிடையாது. பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் கீழே 40 அடி வரை இருக்கும் என்பது ஏட்டுக்கணக்கு. அலையேற்றம் கலக்கிக்கொண்டே இருப்பதால் சின்னத் தீவுகளில் அவ்வளவு தேறாது. கிரிபாட்டி என்ற தீவு நாட்டில் அந்த நீர் கசியும் ஆழம்வரை குழி தோண்டி, பபாய் என்ற பெரிய சேம்பு வகையை வளர்க்கிறார்கள். செடியைச் சுற்றித் தாழை ஓலையால் அடியில்லாத கூடை ஒன்றைப் பின்னி, அதற்குள் தழையை அடைத்து மட்கவிடுகிறார்கள். வெறும் பவள மணலில் இப்படித்தான் மண்ணை உண்டாக்க வேண்டியிருக்கிறது. எந்தத் தழையை எப்போது போடுவது என்பதைக் குடும்பத்துக்கு வெளியே லேசில் சொல்லமாட்டார்கள். குழியும் தலைமுறை தலைமுறையாக வரும் சொத்து. ஒரு பேரலை புகுந்து குழியில் உப்பு ஏறிவிட்டால், பல வருடம் வளர்த்த கிழங்கு போச்சு. கடல் மட்டம் உயர்வதைப் பற்றிப் பேசும்போது மூழ்கும் வீடுகளைத்தான் காட்டுகிறோம். அதற்கு வெகு முன்பே கிணறு உப்பாகிவிடும் என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

அப்புறம் மீன். டோகெலாவ் மூன்று பவளத்தீவுகள் மட்டுமே கொண்ட, நியூசிலாந்தின் ஆட்சிக்குட்பட்ட பகுதி. அங்கே ஊர் சேர்ந்து பிடித்த மீனைக் கரையில் பரப்பி, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தலைக்கணக்குப் பார்த்துப் பங்கு வைப்பார்கள். இதற்கு இனாட்டி என்று பெயர். கடலுக்குப் போக முடியாத முதியவர் வீட்டுக்கும் பங்கு உண்டு. பலாவ் என்ற தீவு நாட்டில் ‘புல்’ என்று ஒரு வழக்கம் இருக்கிறது: மீன் முட்டையிடும் காலத்தில் ஊர்த்தலைவர்கள் பவளத்திட்டின் ஒரு பகுதியை மூடிவிடுவார்கள், யாரும் வலை வீசக் கூடாது. இந்தப் பழைய வழக்கத்தை முன்வைத்துத்தான் பலாவ் 2015இல் கடல் காப்பகச் சட்டம் கொண்டுவந்தது. 2020 முதல் அதன் பொருளாதாரக் கடல் எல்லையில், அதாவது மீன்வளம் அந்த நாட்டுக்கே உரிய கடற்பரப்பில், 80 சதவீதம் மீன்பிடிப்புக்கு மூடப்பட்டது. பண்பாடு மிச்சமிருக்கிறதா என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல பதில் இல்லை.

நீங்கள் ரசித்த வெண்மணலிலும் மீனுக்குப் பங்குண்டு. கிளிமீன்கள் பவளப்பாறையைக் கடித்துப் பாசியைத் தின்று, அரைபட்ட பாறையை மணலாக வெளியேற்றுகின்றன. பெரிய கிளிமீன் ஒன்று வருடத்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ மணல் தரும். அதைக் கண்டபடி பிடித்துத் தீர்த்தால் கரைக்கு வரும் மணலும் குறையும்.

மறுபடி போனால், முடிந்தவரை உள்ளூர்க் குடும்பம் நடத்தும் இடத்தில் தங்குங்கள். சமோவா கிராமங்களில் அந்தி நேரத்தில் சா என்ற பிரார்த்தனை வேளை உண்டு. சங்கோ மணியோ ஒலித்தால் ஊரே வீட்டுக்குள் போய்விடும். அது முடியும்வரை நீங்களும் நடமாடாமல் காத்திருக்க வேண்டும். கடலில் இறங்குமுன் அந்தத் திட்டு எந்த ஊருடையது, இப்போது திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கே பெரியவர்கள் உட்காரவைத்துப் பேசுவார்கள்.

போன தீவின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அது பவளத்தீவா, எரிமலைத் தீவா என்று தெரிந்தால் இன்னும் விரிவாகப் பேசலாம். எரிமலைத் தீவு என்றால் ஆறும் காடும் வளமான மண்ணும் இருக்கும், கதையே வேறு.