நோகாத புண்ணைத்தான் முதலில் காட்ட வேண்டும்

தங்கச்சி, அப்பாவின் ஆறாத வாய்ப்புண்ணோடு சேர்த்து ஏழெட்டு விஷயம் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் உங்களை நித்திரை கொள்ளவிடாத கேள்வி கடைசி வரியில்தான் இருக்கிறது: "சதை வெட்டிச் சோதித்தால் கத்தி பட்ட இடத்திலிருந்து பரவிவிடும் என்கிறார்கள், அப்பாவை இப்படியே விட்டுவிடலாமா?"

விடக்கூடாது. பயோப்சி என்று சோதனைக்குச் சதை எடுப்பதால் வாய்ப் புற்றுநோய் பரவுவதில்லை.

இந்தக் கதை ஏன் ஊரில் அழியாமல் நிற்கிறது என்றால், கன பேர் புண்ணை மாதக்கணக்கில் வைத்திருந்துவிட்டு, கழுத்தில் கட்டி தெரிந்த பிறகுதான் வருகிறார்கள். அப்போதுதான் பயோப்சி செய்கிறோம், கொஞ்சக் காலத்தில் ஆள் போய்விடுகிறார், செத்தவீட்டில் எல்லாரும் பேசுவது அந்தக் கத்தியைப் பற்றித்தான், அதற்கு முதல் வீணாய்ப் போன மாதங்களைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. பயோப்சி என்பது புண்ணின் விளிம்பில் விறைப்பு ஊசி போட்டு, ஒரு பயறளவு சதை எடுத்து, தேவையென்றால் ஒரு தையல் போடுவது. அவ்வளவுதான். அநேகமாக அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்.

சரி, புண்ணுக்கு வருவோம். பொங்கலுக்கு முதல் வந்தது, இப்போது மாசி முடியப்போகிறது, இடது கொடுப்புக்குள், வெற்றிலையை அடக்கி வைக்கிற அதே இடத்தில். நோவில்லை என்பதால் அப்பா பொருட்படுத்தவில்லை என்கிறீர்கள். எனக்குப் பயம் தருவது அந்த நோவின்மைதான். சூட்டுப்புண், பல் கடித்த புண் எல்லாம் சாப்பிடவிடாமல் நோகும், 2 கிழமைக்குள் ஆறியும்விடும். 3 கிழமை தாண்டியும் ஆறாத புண், அதுவும் விளிம்பு தடித்து, விரலால் அழுத்தினால் அடியில் கல்லுப்போல இருக்கிற புண், யாருடைய வாயில் இருந்தாலும் வைத்தியர் பார்த்தே ஆகவேண்டும். கூரான பல்லோ பல்செட்டோ உரசியும் இப்படி வரலாம், அப்படியென்றால் அதைச் சரிசெய்ததும் ஆறும், ஆனால் அதை முடிவு செய்வது பாமசிக்காரர் அல்ல. இதற்கிடையில் பூசுகிற ஜெல், பி விற்றமின் குளிசை, இரண்டு தரம் அன்ரிபயோட்டிக் என்று ஒரு மாதத்துக்கு மேல் போய்விட்டது. இனி ஒரு குளிசையும் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

நீங்கள் எழுதிய மற்றவற்றில், நாக்கின் பின்பக்கம், தொண்டைக்குக் கிட்ட வரிசையாகத் தெரிகிற மொட்டுகள் எல்லாருக்கும் உள்ளவை, உங்களுக்கும் இருக்கும், கண்ணாடியில் பாருங்கள். வயிற்றுப் பொருமல் வேறு கதை, பிறகு பார்க்கலாம். இன்ரநெற்றில் பார்த்துக் காசு கொடுத்துச் செய்வித்த அந்த 'கான்சர் இரத்தப் பரிசோதனை' நோர்மல் என்பதை நம்பி ஆறுதல் அடைய வேண்டாம். வாய்ப் புற்றுநோயைப் பிடித்துத்தருகிற இரத்தப் பரிசோதனை கிடையாது. வெளிச்சத்தில் வாயைத் திறந்து பார்த்து, விரல் வைத்துத் தடவித்தான் சந்தேகப்பட முடியும், சதை எடுத்துத்தான் உறுதிசெய்ய முடியும்.

இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோய் வாயில் வருவதுதான். புகையிலையை விட்டுவிட்டு வெறும் வெற்றிலை பாக்குத்தான் போடுகிறேன் என்று அப்பா சொல்வதும் காப்பாற்றாது: பாக்கே தனியாகப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இலேயே வகைப்படுத்திவிட்டது. உறைப்புக் கறி பட்டால் வாயெல்லாம் எரிகிறது என்று நீங்கள் போகிறபோக்கில் எழுதியதும் பாக்கின் வேலையாக இருக்கலாம், கன்னத்தின் உட்தோல் இறுகத் தொடங்கும்போது அப்படி எரியும். அப்பாவின் மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக நெட்டாக வாய்க்குள் வைக்கச் சொல்லுங்கள். போகவில்லை என்றால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இந்தக் கிழமையே கூட்டிக்கொண்டு போங்கள். பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் பல் வைத்தியரிடம் காட்டினால், தேவையென்றால் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியின் வாய், முக அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்குக் கடிதம் தருவார். காசு கேட்கமாட்டார்கள். புற்றுநோய்தான் என்று வந்தால்கூட, 2 சென்ரிமீற்றருக்குள், கழுத்துக்கு இறங்காமல் இருக்கும்போது பிடித்தால் பெரும்பாலானோர் பிழைக்கிறார்கள், பல நேரம் ஒரு சத்திரசிகிச்சையோடு முடிந்துவிடும். கதிர்ச் சிகிச்சை தேவைப்பட்டாலும் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது, எல்லாவற்றுக்கும் கொழும்புப் பக்கம் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டியதில்லை.

அப்பா மறுத்தால் புற்றுநோய் என்ற சொல்லை எடுக்க வேண்டாம், "ஆறாத புண், பல் டொக்டரிடம் காட்டிவிட்டு வருவோம்" என்றே கூப்பிடுங்கள், அதுவும் உண்மைதான். சோதனை முடிவு எப்படி வந்தாலும் வெற்றிலைத் தட்டத்தை இன்றைக்கே எடுத்து வைத்துவிடுங்கள். அப்புறம், தம்பி நண்பர்களோடு சேர்ந்து மாவா போடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதிலும் பாக்குத்தான், புகையிலையும் சேர்ந்தது. இளம் பெடியன்களுக்கும் வாய் இறுகுகிறது, இறுகிய வாய் பழையபடி திறப்பது மிகக் கடினம். அவனையும் அதே நாளில் அந்தக் கதிரையில் இருத்திக் காட்டுங்கள்.