ஒரே எச்ஐவி நோயாளி, ஒரே வாரம்: ஒரு லேபில் சிடி4 (ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் உள்ள ஒருவகை நோயெதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை) 180, இன்னொன்றில் 240. எது சரி?

முதலில் சிடி4 சதவீதத்தைப் பாருங்கள்; அதாவது லிம்போசைட் என்ற வெள்ளணுக்களில் சிடி4 செல்களின் பங்கு. இரண்டு ரிப்போர்ட்டிலும் சதவீதம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் ஆன்டிபாடியும் (செல்லில் ஒட்டி நிறம் தரும் சாயப்பொருள்) கேட்டிங்கும் (எந்தச் செல்களை எண்ணுவது என்று திரையில் எல்லை வகுப்பது) சரி. பிசகு ரத்தத்தின் அளவிலோ பீட் (ஒப்பிட்டு எண்ணுவதற்காகக் குழாயில் போடும் நுண்மணி) எண்ணிக்கையிலோதான். உடம்பிலேயே மொத்த லிம்போசைட் மாறியிருக்கவும் கூடும். சிடி4 காலையில் குறைவாகவும் மாலையில் கூடுதலாகவும் இருக்கும். ஸ்டீராய்டு, காய்ச்சல் இரண்டுமே அதை இறக்கிவிடும்.

பீட் போட்ட குழாயில் கணக்கு இப்படிப் போகும்: சிடி4 செல்கள் 1,800, பீடுகள் 10,000 எண்ணப்பட்டன, குழாயில் மொத்தம் 50,000 பீடுகள், ரத்தம் 50 மைக்ரோலிட்டர். 1,800-ஐ 10,000-ஆல் வகுத்து 1,000-ஆல் (50,000-ஐ 50-ஆல் வகுத்தது) பெருக்கினால் 180. இதில் ரத்தம் 50-க்குப் பதில் 45 விழுந்திருந்தால் உண்மையான எண்ணிக்கை 200. செல்களை எண்ணும் இயந்திரத்தால் (ஃப்ளோ சைட்டோமீட்டர்) இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. அதனால்தான் ரிவர்ஸ் பைப்பெட்டிங்: பைப்பெட்டின் பொத்தானை இரண்டாம் நிறுத்தம் வரை அழுத்தி உறிஞ்சி, டிப்பின் வெளிப்புறத்தைத் துடைத்து, முதல் நிறுத்தம் வரை மட்டும் விடவேண்டும். அதற்கு முன் ரத்தம் உறையாமல் காக்கும் ஈடிடிஏ குழாயை எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்துக் கலக்காவிட்டால் மற்ற கவனமெல்லாம் வீண். ரத்தம் குழாயின் மேல்சுவரில் ஒட்டிக்கொண்டாலும் ஆபத்துதான். ஆன்டிபாடி தொடாத அந்தச் செல்கள் பிறகு சிவப்பணுக்களை உடைக்கும் லைசிங் கரைசலோடு கீழே இறங்கி, சாயம் ஏறாமலே நிற்கும்.

பீடுகள் அடியில் படியும். இயந்திரத்தில் ஓட்டுவதற்குச் சற்று முன் வோர்டெக்ஸ் செய்யாவிட்டாலோ (சுழற்றிக் கலக்காவிட்டாலோ), த்ரெஷோல்டை (எண்ணத் தொடங்கும் குறைந்தபட்ச அளவு) சிடி45 (வெள்ளணுக்களின் அடையாளம்), சிடி3 (டி செல்களின் அடையாளம்) சாயங்களில் வைக்காமல் ஃபார்வர்ட் ஸ்கேட்டரில் (துகளின் பருமனைக் காட்டும் ஒளிச்சிதறல்) வைத்தாலோ பீடுகள் விடுபடும். வகுக்கும் எண் சிறிதாகிவிடுவதால் சிடி4 உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். 240 வந்த இடத்தில் இதையும் விசாரியுங்கள்.

சதவீதமே வேறுபட்டால் கேட்டைச் சந்தேகியுங்கள். மோனோசைட் என்ற வேறுவகை வெள்ளணுவிலும் மங்கலாக சிடி4 உண்டு. சிடி3 இல்லாமல் கேட் போட்டால் அவையும் உள்ளே வந்துவிடும். மாதிரியை ஃபிரிட்ஜில் வைத்தார்களா என்றும் கேளுங்கள். அறை வெப்பநிலைதான் அதற்கு இடம்.

ஒரு லேபில் பீட் முறை, இன்னொன்றில் ஹெமட்டாலஜி கவுண்டர் (சாதாரண ரத்த அணு எண்ணும் கருவி) தரும் லிம்போசைட் எண்ணிக்கையோடு சதவீதத்தைப் பெருக்கும் முறை என்றால், இரண்டு கருவிகளின் பிழையும் சேர்ந்துகொள்ளும். அடுத்தடுத்த பரிசோதனைகளை ஒரே லேபில், ஒரே முறையில், நாளின் அதே நேரத்தில் செய்யச் சொல்லுங்கள்.

200-க்குக் கீழே என்றால் உலக சுகாதார நிறுவனத்தின் 2017 வழிகாட்டுதல்படி அது முற்றிய எச்ஐவி நிலை. எனவே மறுசோதனை வரும்வரை 180-ஐ உண்மையென்றே எடுத்துக்கொண்டு, காசநோய்க்கும் கிரிப்டோகாக்கஸ் ஆன்டிஜெனுக்கும் (மூளையைத் தாக்கும் பூஞ்சையின் அடையாளம்) பரிசோதிக்க மருத்துவரிடம் இன்றே பேசுங்கள்.