டயரில் உள்ள எண்ணா, கதவில் உள்ள எண்ணா?

கேள்வி: ஐந்து பேர் அமரும் சிறிய கார் வைத்திருக்கிறேன். வெளியூர்ப் பயணங்களில் டிக்கி நிறையப் பெட்டிகளும், கூரை கேரியரில் சில மூட்டைகளும் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அதிகபட்சம் 44 பி.எஸ்.ஐ. என்று அச்சிட்டிருப்பதால், பாரம் கூடும் நாட்களில் அந்த அளவுக்கே காற்று பிடித்துவிடுகிறேன். ‘82 டி’ என்ற குறியீட்டின்படி ஒரு டயர் 475 கிலோ தாங்குமாம். அப்படியானால் நான்கும் சேர்ந்து 1,900 கிலோ தாங்கும் அல்லவா?

பதில்: பெருக்கல் சரி, அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவு சரியில்லை. அந்த 475 கிலோவில் காரின் சொந்த எடையும் அடங்கும். பாரம் நான்கு சக்கரங்களிலும் சமமாக விழுவதில்லை. டயர் தாங்கினாலும் ஸ்பிரிங், அச்சு, பிரேக் ஆகியவை தாங்க வேண்டும். எனவே வண்டியின் எல்லையை டயரில் தேடாமல் கையேட்டில் தேடுங்கள். அனுமதிக்கப்பட்ட மொத்த எடையிலிருந்து வெற்று வண்டியின் எடையைக் கழித்தால் மிஞ்சுவதே நீங்கள் ஏற்றக்கூடியது. உதாரணமாக, மொத்த எடை 1,450 கிலோ, வெற்று எடை 1,050 கிலோ என்றால் மிச்சம் 400 கிலோ. ஆளுக்கு 70 கிலோ வீதம் ஐந்து பேர் ஏறி உட்கார்ந்ததுமே 350 கிலோ போய்விடும்; பெட்டிகளுக்கும் மூட்டைகளுக்கும் சேர்த்து 50 கிலோதான் பாக்கி. (வெற்று எடையில் ஓட்டுநரையும் சேர்த்திருக்கிறார்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், சில கையேடுகளில் சேர்த்திருப்பார்கள்.) கூரைக்கென்று தனி வரம்பு உண்டு. அங்கே ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் திருப்பங்களில் வண்டியைக் கூடுதலாகச் சாய்க்கும் என்பதால், கனமானவற்றை டிக்கியின் தரையில், பின் இருக்கையை ஒட்டி வையுங்கள்.

இனி காற்று. நீங்கள் பார்த்த 44, அந்த டயருக்கான உச்ச அளவு; உங்கள் காருக்கான பரிந்துரை அன்று. காருக்கான அளவு பெரும்பாலும் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும்; பல கார்களில் குறைந்த பாரத்துக்கு ஓர் அளவும், முழுப் பாரத்துக்கு வேறோர் அளவும் தந்திருப்பார்கள். அளவுக்கு மீறிக் காற்று பிடித்தால் டயரின் நடுப்பகுதி மட்டும் தேயும், சாலையைப் பற்றும் பரப்பும் குறையும். ஆனால் குறைந்த காற்றோடு நிறைந்த பாரம் ஏற்றுவது அதைவிட மோசமானது: ஒவ்வொரு சுழற்சியிலும் பக்கச்சுவர் மடங்கி விரிந்து சூடேறுகிறது, வேகமான நெடும்பயணத்தில் அந்தச் சூடே டயரை வெடிக்க வைக்கிறது. ஸ்டிக்கரின் அளவு, வண்டி சில மணி நேரம் நின்று குளிர்ந்த நிலைக்கு உரியது. ஓடிச் சூடான டயரில் அழுத்தம் சற்றுக் கூடுதலாகக் காட்டுவது இயல்பே. அதைக் கண்டு காற்றை இறக்கிவிடாதீர்கள்.

கேள்வி: இரண்டு டயர்களை மட்டும் மாற்றப் போகிறேன். கடையில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: பக்கச்சுவரில் ‘டாட்’ (DOT) என்ற ஆங்கில எழுத்துகளுடன் தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களை நீங்களே குனிந்து படியுங்கள். 3219 என்றால் 2019ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் தயாரானது. பள பளவென்றிருந்தாலும் அது பழைய டயர்தான். ஒரு பக்கத்தில் இந்த நான்கு இலக்கங்கள் இல்லையென்றால் மறுபக்கத்தில் இருக்கும். பாரக் குறியீடு (‘82 டி’யில் வரும் 82 போன்ற எண்), கார் நிறுவனம் சொன்னதைவிடக் குறையக் கூடாது. புதியவற்றைப் பின்சக்கரங்களில் மாட்டச் சொல்லுங்கள். ஈரச் சாலையில் பின்பக்கம் வழுக்கினால் சமாளிப்பது மிகக் கடினம். முன்னால் போகும் பழைய ஜோடியில் பள்ளங்களின் ஆழம் 1.6 மில்லிமீட்டரை நெருங்கியிருந்தால், இரண்டோடு நிறுத்தாமல் நான்கையும் மாற்றிவிடுங்கள்.