ஃபார்மட் செய்ய 480 வெள்ளி கேட்கிறார் கடைக்காரர், கொடுக்கலாமா?

கேள்வி: பினாங்கு ஜெலுத்தோங்கில் வசிக்கிறோம். ஐந்தாம் படிவம் படிக்கும் என் மகள், இடுபணியை அச்செடுக்கப் போட்டோஸ்டாட் கடைக்குப் பென்டிரைவைக் கொண்டுபோனாள். வீட்டுக்கு வந்து மடிக்கணினியில் செருகினால், உள்ளே இருந்த ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தன. ஒன்றைத் திறந்தாள். அன்றிலிருந்து கணினி மெதுவாகிவிட்டது. பென்டிரைவில் எங்கள் குடும்பப் படங்களும் இருக்கின்றன. கணினியின் தாய்ப்பலகையான மதர்போர்டு வரை வைரஸ் போய்விட்டது, எல்லாவற்றையும் அழித்து ஃபார்மட் செய்து விண்டோஸ் உரிமமும் ஆன்டிவைரஸும் போட 480 வெள்ளி ஆகும் என்கிறார் கடைக்காரர். 100 வெள்ளி முன்பணம் கொடுத்திருக்கிறேன். படங்கள் போய்விட்டனவா? வைஃபை வழியாக என் கைப்பேசிக்கும் இது பரவுமா? மடிக்கணினி 2022இல் விண்டோஸ் 11உடன் வாங்கியது.

பதில்: மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள், அம்மா. மடிக்கணினியும் பென்டிரைவும் கடையில் இருந்தால் இன்றே வாங்கி வந்துவிடுங்கள். உங்கள் படங்கள் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும்.

இந்த வகை வைரஸ் பொதுவாக எதையும் அழிப்பதில்லை, ஒளித்து வைக்கிறது. உண்மையான ஃபோல்டர்களைக் கண்ணில் படாதபடி மறைத்துவிட்டு, அதே பெயர்களில் ஷார்ட்கட்டுகளை முன்னால் வைக்கிறது. ஷார்ட்கட் சின்னத்தின் கீழ் மூலையில் சிறிய வளைந்த அம்புக்குறி இருக்கும், பாருங்கள். பென்டிரைவ் மீது வலது பக்கம் சொடுக்கி ‘புரோப்பர்ட்டீஸ்’ போங்கள். வெளியே தெரியும் ஷார்ட்கட் ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு கிலோபைட்தான். ஆனால் நிரம்பிய இடம் பல கிகாபைட் என்று காட்டினால், படங்கள் உள்ளேயே இருக்கின்றன என்று பொருள். ஒரு நிமிடத்தில் பார்க்கக்கூடிய இதைக்கூட உங்களுக்குக் காட்டாமல் ஒருவர் ஃபார்மட் என்று தொடங்கினால், அவரிடம் கணினியைக் கொடுக்கக் கூடாது.

போட்டோஸ்டாட் கடைக் கணினியில் நாளெல்லாம் யார் யாருடைய பென்டிரைவோ ஏறி இறங்குகிறது. ஒன்றில் வந்த வைரஸ் அங்கே தங்கி, அடுத்துச் செருகும் ஒவ்வொன்றிலும் தன் நகலைப் போட்டு அனுப்பும். அது பென்டிரைவில் இருக்கும் வரை சும்மாதான் இருக்கும். உங்கள் மகள் தன் ஃபோல்டரைத் திறப்பதாக நினைத்து அந்த ஷார்ட்கட்டைச் சொடுக்கியபோதுதான் அதற்கு உயிர் வந்தது. அவளைத் திட்டாதீர்கள். தன் சொந்த ஃபோல்டரின் பெயரைப் பார்த்து யார்தான் சந்தேகப்படுவார்கள்?

இப்போது செய்ய வேண்டியது இது. பென்டிரைவைக் கழற்றிவிட்டு, மடிக்கணினியில் ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யைத் திறந்து, ‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’ பகுதியில் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ கொடுங்கள். கணினி தானாக அணைந்து மீண்டும் எழும். சுமார் 15 நிமிடம் பிடிக்கும். அதன் பிறகு முழு ஸ்கேன். பிறகு பென்டிரைவைச் செருகி, எதையும் திறக்காமல் அதையும் ஸ்கேன் செய்யுங்கள். கடைசியாக ‘வியூ’ பட்டியலில் ‘ஹிடன் ஐட்டம்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்போதும் ஒன்றும் தெரியவில்லை என்றால், ‘ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்’ உள்ளே ‘ஹைட் புரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்’ என்பதில் உள்ள சரிக்குறியை எடுத்துவிடுங்கள். மங்கலான நிறத்தில் உங்கள் ஃபோல்டர்கள் தெரியும். சில சமயம் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் எல்லாவற்றையும் போட்டு வைத்திருக்கும். படங்களையும் இடுபணியையும் மட்டும் நகலெடுங்கள். அம்புக்குறி உள்ள எதையும் தொடாதீர்கள்.

இந்த வைரஸ் மதர்போர்டைத் தொடாது. அந்தப் பேச்சு உங்களைப் பயமுறுத்தச் சொன்னது.

உரிமக் கட்டணம் அதைவிட மோசம். விண்டோஸோடு வாங்கிய மடிக்கணினியில் உரிமம் கணினிக்குள்ளேயே பதிந்திருக்கும். ஃபார்மட் செய்து அதே பதிப்பைப் போட்டு இணையத்தோடு இணைத்தால் அது தானாகவே செயல்படும். உங்களிடம் இருப்பதையே உங்களுக்கு விற்கப் பார்க்கிறார். சில கடைகளில் அதை எடுத்துவிட்டுத் திருட்டு விண்டோஸைப் போடுகிறார்கள். அதை இயக்கும் ‘ஆக்டிவேட்டர்’ நிரலுக்காக வைரஸ் பாதுகாப்பை அணைப்பார்கள், அப்டேட்டையும் நிறுத்திவிடுவார்கள். ஒருமுறை ஜார்ஜ்டவுனில் ஒரு கடையில் நின்று பார்த்தேன். வெள்ளை பிளாஸ்டர் ஒட்டி ‘டிரைவர்’ என்று பேனாவால் எழுதிய ஒரே பென்டிரைவ், மேசையில் வரிசையாக இருந்த ஐந்து வாடிக்கையாளர்களின் கணினிகளிலும் மாறி மாறிச் செருகப்பட்டது. போட்டோஸ்டாட் கடையில் நடப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இங்கே அதற்குக் காசும் கொடுக்கிறோம்.

கைப்பேசியைப் பற்றிக் கவலை வேண்டாம். விண்டோஸுக்கு எழுதிய நிரல் கைப்பேசியில் ஓடாது. ஆனால் வீட்டில் வேறு விண்டோஸ் கணினி இருந்தால் ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். யாரும் எதையும் சொடுக்காமலே பரவும் வகை உண்டு. 2017 மே 12ஆம் தேதி கிளம்பிய ‘வான்னாகிரை’ அப்படிப்பட்டது. கணினிகள் ஒன்றோடொன்று கோப்புகளைப் பகிரும் வழியில் இருந்த ஓட்டை வழியாக அது நுழைந்தது. ஒரு கணினியில் புகுந்ததும், வலையமைப்பில் இருந்த மற்றவற்றைத் தானே தேடிப் போனது. கோப்புகளைப் பூட்டிவிட்டு 300 டாலர் கேட்டது. இதில் வயிறெரிய வைப்பது என்னவென்றால், அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. இரண்டு மாத அவகாசம் இருந்தும் அதைப் போடாத கணினிகள்தாம் மாட்டிக்கொண்டன. அதனால்தான் அப்டேட்டை நிறுத்தும் கடைக்காரர்கள்மேல் எனக்கு இத்தனை கோபம். அப்படி இரண்டாவது கணினி இருந்தால், அதிலும் அப்டேட் நடக்கிறதா என்று இன்றே பாருங்கள். மடிக்கணினியில் வங்கிக் கணக்கைத் திறந்திருந்தால், கைப்பேசியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். பணம் ஏதும் போயிருந்தால் உடனே தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 எண்ணை அழையுங்கள்.

பள்ளியையும் விட முடியாது. கல்வி அமைச்சு ‘டெலிமா’ என்ற இணையக் கற்றல் தளம் வழியாக மாணவர்களுக்குக் கூகுள் கணக்கு கொடுத்து ஆண்டுகள் ஆகின்றன. இடுபணியை அதிலேயே ஆசிரியருக்கு அனுப்பலாம். அப்படியிருந்தும் ‘அச்செடுத்துக் கொண்டு வா, பென்டிரைவில் கொண்டு வா’ என்று பிள்ளைகளை அலைக்கழிப்பது ஏன்? வழியைத் திறந்து வைத்துவிட்டு நடக்கச் சொல்லாத நிர்வாகம் யாருக்குப் பயன்? அடுத்த முறை அச்செடுக்கத்தான் வேண்டும் என்றால், கோப்பைக் கடையின் வாட்ஸ்அப்புக்கோ மின்னஞ்சலுக்கோ அனுப்பச் சொல்லுங்கள். பென்டிரைவ் வீட்டிலேயே இருக்கட்டும்.

அந்த 100 வெள்ளியைத் திருப்பிக் கேளுங்கள். என்ன பரிசோதித்தார், மதர்போர்டில் என்ன கண்டார் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் பயனீட்டாளர் உரிமைக் கோரல் தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே விசாரிக்கிறார்கள். வழக்கறிஞர் தேவையில்லை, மனுக் கட்டணம் 5 வெள்ளி. முன்பணம் கட்டிய ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ரசீது தரவில்லை என்றால், கடைக்காரரோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடாதீர்கள்.