எரிமலைக்கும் பாய்மரத்துக்கும் நடுவில் ஒரு தூக்கம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் கீழக்கரை. மே மாத விடுமுறையில் குடும்பமாகப் பாலித் தீவுக்குப் போகிறோம். நான், கணவர், 14 வயது மகள், 9 வயது மகன், 64 வயதில் முழங்கால் வலியோடு மாமி. டிராவல்ஸில் கொடுத்த திட்டத்தில் ஒரு நாள் இப்படி இருக்கிறது: கூட்டாவில் உள்ள ஹோட்டலிலிருந்து இரவு 1.30-க்குக் கிளம்பி, பத்தூர் எரிமலை ஏறி, உச்சியில் சூரிய உதயம். திரும்பி வந்து மதியம் கடைத்தெரு. மாலையில் பாய்மரப் படகில் சூரியன் மறைவதைப் பார்ப்பது. கடல் எங்களுக்குப் புதிதில்லை. மலைதான் பயமாக இருக்கிறது, எங்கள் பக்கம் மேடு என்று சொல்லவே எதுவும் கிடையாது. இந்த ஒரு நாள் நடக்கிற காரியமா? ஊரில் இருந்துகொண்டே எப்படித் தயாராவது? விடியற்காலை சுபுஹுத் தொழுகை மலையிலேயே வந்துவிடுமே, அதற்கு வழி உண்டா?

உங்கள் வாசகி,
கீழக்கரை


அன்புள்ள சகோதரிக்கு,

நடக்கிற காரியம்தான். திட்டத்தில் எரிமலையும் இருக்கட்டும், பாய்மரமும் இருக்கட்டும். நடுவில் உள்ள கடைத்தெருவை மட்டும் அடித்துவிட்டு, அந்த இடத்தில் தூக்கம் என்று எழுதுங்கள். இரவு ஒரு மணிக்கு எழுப்பிய ஒன்பது வயதுப் பையன் மாலை ஐந்து மணிக்குப் படகில் எப்படி இருப்பான் என்று யோசியுங்கள். இப்படிப்பட்ட நாளில் தவறு நடப்பது பெரும்பாலும் மாலையில்தான். தூக்கம் கெட்டவருக்குக் குமட்டல் சீக்கிரம் வரும், கால் தடுமாறும், சொன்னது காதில் ஏறாது.

கூட்டாவில் தங்கிக்கொண்டு பத்தூருக்குப் போவதே முதல் பிழை. முந்தைய நாள் மாலையே மலையடிவாரத்தில், ஏரிக்கரையில் இருக்கும் தோயா புங்காவுக்குப் போய்த் தங்கிவிடுங்கள். கூட்டாவிலிருந்து வருகிறவர் 1.30-க்குக் கிளம்பும்போது நீங்கள் மூன்றேகால் வரை தூங்கலாம். இறங்கிய பிறகு தெற்கே திரும்பாமல், வடகிழக்குக் கரையில் இருக்கும் ஆமெட் கிராமத்துக்கு வண்டியை விடுங்கள், சுமார் இரண்டு மணி நேரம். மதியத்துக்குள் அறை, சாப்பாடு, மூன்றரை வரை தூக்கம். படகு அந்தக் கரையிலேயே கிடைக்கும். ஓட்டுநர் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். இரவு முழுக்க வண்டியில் காத்துக் கிடந்தவரே காலையில் மலைப்பாதை வளைவுகளில் ஓட்டக்கூடாது. அவரும் அடிவாரத்தில் அறை எடுத்துத் தூங்கியவராக இருக்க வேண்டும், இல்லையென்றால் காலையில் வேறு ஓட்டுநர் வர வேண்டும். அதற்கான கூடுதல் பணம் வீண் செலவு ஆகாது.

இனி மலை. பத்தூரின் உயரம் 1,717 மீட்டர். கேட்டுப் பயப்பட வேண்டாம், கொடைக்கானலே இதைவிட உயரத்தில் இருக்கிறது. பத்தூர் ஏரியின் நீர்மட்டமே 1,031 மீட்டர் என்பதால் நீங்கள் ஏறப்போவது எழுநூறுக்கும் குறைவு. ஏற இரண்டு மணி நேரம், இறங்க ஏறக்குறைய அதே அளவு. மூச்சுத் திணறும் உயரம் கிடையாது. சிரமம் எல்லாம் தரையில். மேல் பாதி முழுக்கக் கருஞ்சரளை, எரிமலை கக்கி உதிர்ந்த கல். தனுஷ்கோடி மணலில் ஏறுவது போல இரண்டடி வைத்தால் ஓரடி சறுக்கும். மணல் மேல் விழுந்தால் வலிக்காது, இந்தச் சரளை தோலை உரித்துவிடும். அதனால் முழுக்கால் பேண்ட், கணுக்காலை மூடிய ஷூ, மெல்லிய கையுறை. சாண்டல் போட்டால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று கல் தட்ட வேண்டியிருக்கும்.

விழுவது பெரும்பாலும் இறங்கும்போது. உதயத்தைப் பார்த்த சந்தோஷத்தில் பிள்ளைகள் ஓடப் பார்ப்பார்கள். குதிகாலைச் சரளையில் அழுத்தி, முழங்காலைச் சற்று மடித்து, பக்கவாட்டில் இறங்கச் சொல்லுங்கள். முதல் நாளே எல்லோரும் கால்நகம் வெட்டிவிடுங்கள். இறக்கத்தில் விரல் முன்னால் முட்டி முட்டி நகம் கறுத்துப்போவது பலருக்கும் நடக்கிறது. ஆளுக்கொரு தலையில் மாட்டும் டார்ச், ஒன்றரை லிட்டர் தண்ணீர். கைபேசி வெளிச்சத்தை நம்பினால் ஒரு கை அதிலேயே போய்விடும்.

குளிரைப் பற்றி இராமநாதபுரத்துக்காரர்களிடம் தனியாகச் சொல்லத்தான் வேண்டும். உச்சியில் விடியலில் பத்துப் பதினைந்து டிகிரிதான் இருக்கும், காற்று வேறு. ஸ்வெட்டர் கொண்டுபோனால் மட்டும் போதாது. ஏறும்போது வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டையோடு மேலே போய் உட்கார்ந்தால், ஸ்வெட்டருக்குள்ளேயே நடுங்குவீர்கள். பையில் உலர்ந்த பனியன் ஒன்று வேண்டும். உச்சியை எட்டியதும் முதல் வேலை அதை மாற்றுவது. மகனுக்குக் குல்லாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாமிக்கு மலையேற்றம் வேண்டாம். அவரை ஹோட்டலில் விட்டுவிட்டுப் போகவும் வேண்டாம். உதயம் பார்ப்பதற்கென்றே எதிர்மேட்டுக்கு ஜீப் போகிறது. அங்கிருந்து மலை, ஏரி, கிழக்கே ஆபாங், ஆகுங் மலைகள் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். உச்சியில் நிற்கும் நீங்கள் பத்தூரைப் பார்க்க முடியாது, அவர் பார்ப்பார். திரும்பும்போது கறுத்து உறைந்த எரிகுழம்பு வெளிக்கும் ஜீப் போகும். ஜீப் குலுக்கல் முழங்காலைவிட இடுப்பைத்தான் பார்க்கும், ஒரு தலையணை கொடுத்தனுப்புங்கள். துணைக்கு மகளோ கணவரோ கூடப் போகட்டும்.

எரிமலை உயிரோடுதான் இருக்கிறது. 1926-இல் பழைய பத்தூர் கிராமத்தையே எரிகுழம்பு மூடியது, கடைசியாக வெடித்தது 2000-இல். உச்சியில் பிளவுகளிலிருந்து ஆவி வரும். வழிகாட்டிகள் அதில் முட்டை அவித்துக் காட்டுவார்கள். பிள்ளைகள் கையை நீட்டுவதும் அந்த இடத்தில்தான், ஆவி சுட்ட புண் வெந்நீர்ப் புண்ணைவிட மோசம். பள்ளமான இடத்தில் இறங்கி உட்காரவும் கூடாது, கரியமில வாயு காற்றைவிடக் கனமானது என்பதால் தாழ்வில் தேங்கும். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் இன்ஹேலர் சட்டைப்பையில் இருக்கட்டும், பைக்குள் அடியில் வேண்டாம்.

இந்தோனேசிய அரசு ஒவ்வொரு எரிமலைக்கும் நான்கு நிலைகளில் எச்சரிக்கை வைத்திருக்கிறது: நார்மல், வஸ்படா, சியாகா, ஆவாஸ். முதல் நிலையில் இருந்தால் மட்டும் ஏறுங்கள். இரண்டாம் நிலைதானே என்று வழிகாட்டி சிரித்தாலும் திரும்பிவிடுங்கள். சுமத்ராவின் மராபி இரண்டாம் நிலையில் இருந்தபோதுதான் 2023 டிசம்பரில் வெடித்து, மலையில் இருந்த 24 பேர் இறந்தார்கள். வாய்முகத்திலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் போகக்கூடாது என்ற அறிவுரை அப்போது நடப்பில் இருந்தது. நிலத்தடி நீர் சூடேறி ஆவியாய்ப் பீறிடும் வகை வெடிப்பு, முன்னறிகுறி இல்லாமலும் வரும். மறுநாளே ஊர் திரும்பும் விமானம் வைக்காதீர்கள் என்பதையும் இதோடு சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பரில் வெடித்தது புளோரஸ் தீவின் லெவோதோபி. அதன் சாம்பலால் பாலியில் விமானங்கள் நின்றன.

கடலுக்கு வருவோம். கடல் புதிதில்லை என்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்தது மன்னார் வளைகுடாவான தென்கடலும் பாக் நீரிணைப் பக்கத்து வடகடலும். வாடைக் காற்றில் வடகடல் கொந்தளிக்கும், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றில் தென்கடல். இரண்டிலும் கரையை விட்டு வெகுதூரம் ஆழம் கிடையாது, பாக் நீரிணையில் பெரும்பகுதி பதின்மூன்று மீட்டரைத் தாண்டாது. ஆமெட்டில் கரையை விட்டுக் கொஞ்சம் நகர்ந்தாலே சரிவு. அப்பால் இருப்பது லோம்போக் நீரிணை, பசிபிக் நீர் இந்துமாக்கடலுக்குள் இறங்கும் வாசல்களில் ஒன்று. மேலே பளிங்காய் இருக்கும், அடியில் உங்கள் ஊர் மீனவர் நீவாடு என்று சொல்லும் நீரோட்டம் இழுத்துக்கொண்டிருக்கும். படகு கரையை ஒட்டியே ஓட வேண்டும், நடுவில் நிறுத்திப் பிள்ளைகளை நீந்தவிடக் கூடாது.

அங்கே பாய்மரம் என்றால் ஜூகுங். ஒல்லியான உடல், இரண்டு பக்கமும் மூங்கில் மிதவை, ஒரு முக்கோணப் பாய், பின்னால் ஒரு சிறு மோட்டார். பெரிய சுற்றுலாப் படகை ‘கேடமரான்’ என்பார்கள். சொல் நம் கட்டுமரம், பொருள் வேறு. நம்முடையது கட்டைகளைச் சேர்த்துக் கட்டியது, அவர்களுடையது இரட்டை உடல் கொண்ட படகு. ஐந்து பேரும் ஒரே ஜூகுங்கில் ஏற வேண்டாம், இரண்டாகப் பிரியுங்கள். ஏறும்போது மிதவையை மிதிக்காமல் நடு உடலில் கால் வைத்து, உடனே தாழ உட்கார வேண்டும். பாய் பக்கம் மாறும்போது, பாய் கட்டிய கழியான பருமல் தலைமட்டத்தில் வீசி வரும். படகுக்காரர் கை காட்டினால் குனிய வேண்டும், படம் எடுக்க எழுந்திருக்கக் கூடாது.

லைஃப் ஜாக்கெட்டைக் கரையிலேயே சோதியுங்கள். மகனுக்கு மாட்டி, வாரை இறுக்கி, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்குங்கள். காதுவரை ஏறினால் அது பெரியவர் அளவு, தண்ணீரில் அவன் கழன்றுவிடுவான். சிறுவர் அளவு இல்லை என்றால் வேறு படகு பாருங்கள்.

நேரத்தில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. சூரியன் மறைவது ஆறு மணி சுமாருக்கு, அதனால் ஐந்தரைக்கு ஏறுவோம் என்பார்கள். கடற்காற்று எழுவது நிலம் சூடேறுவதால். வெயில் சாய்ந்ததும் அது விழுந்துவிடும், பாய் தொய்ந்து மோட்டார் சத்தத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். நாலேகாலுக்கே ஏறினால் ஒரு மணி நேரம் உண்மையாகப் பாயில் ஓடலாம். தவிர, ஆமெட்டில் சூரியன் கடலில் விழுவதில்லை. மேற்கே 3,031 மீட்டர் ஆகுங் நிற்கிறது. மே மாதத்தில் அதன் வலத்தோள் பக்கம், ஆறுக்கும் முன்பே இறங்கிவிடும். கடலில்தான் விழ வேண்டும் என்றால் ஜிம்பரான் பக்கம் போக வேண்டும், அதற்குப் பாதி நாள் வண்டியில் கழியும். மலை நிழல் தண்ணீரில் நீண்டு வருவதற்காகவே எனக்கு ஆமெட் மேல்.

அவோமின் போன்ற வாந்தி மாத்திரை தூக்கம் வரவைக்கும். மலைக்கு முன் வேண்டவே வேண்டாம். படகுக்கு ஒரு மணி நேரம் முன்பு, பிள்ளைகளுக்கு மருத்துவர் சொன்ன அளவில் மட்டும். பக்கத்துத் துலாம்பென்னில் மூழ்கிய கப்பல் இருக்கிறதே, உங்கள் கணவர் ஸ்கூபா போக ஆசைப்பட்டால் அதை மலைக்குப் பின்னால் வையுங்கள். ஆழத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேறும் முன்பு உயரத்துக்குப் போனால் குமிழாகி மூட்டைப் பிடிக்கும். விமானம் ஏறுவதற்கும் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

ஊரில் பயிற்சிக்கு உங்கள் மாடிப்படியே போதும். இரண்டு மாடி வீட்டில் இருபது தடவை ஏறி இறங்கினால் 130 மீட்டர் அளவு ஆகும். வாரம் நான்கு நாள், ஆறு வாரத்தில் நாற்பது தடவைக்கு வாருங்கள். இறங்குவதையும் எண்ணுங்கள், மறுநாள் தொடை பிடிப்பது அதனால்தான். வாரம் ஒருநாள் ஷூ போட்டு இளகிய மணலில் ஒரு மணி நேரம் நடங்கள். தண்ணீருக்குப் பிரப்பன்வலசை. ஏப்ரல், மே மாதங்களில் வடகடல் அமைதியாக இருக்கும், கயாக்கில் ஒருமுறை போய் வாருங்கள். யாருக்குத் தலைசுற்றும் என்று அங்கேயே தெரிந்துவிடும். தெரிந்தவர் வள்ளம் என்று மீன்பிடிப் படகில் ஏற வேண்டாம், பிள்ளைக்கு அளவான ஜாக்கெட் அதில் இருக்காது.

சுபுஹு. பாலி நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால். மே மாதத்தில் அங்கே வக்து, அதாவது தொழுகை நேரம், ஐந்து மணிக்குச் சற்றுப் பின் தொடங்குகிறது, உதயம் ஆறேகால் சுமார். நாலு மணிக்கு ஏறத் தொடங்கினால் உச்சியை எட்ட ஆறு ஆகிவிடும், இடைவெளி குறுகல். மூன்றே முக்காலுக்கே கிளம்பி, ஐந்தேகால் வாக்கில் வழியில் சமதளமாக ஓரிடத்தில் நிறுத்தும்படி வழிகாட்டியிடம் முன்பே சொல்லிவையுங்கள். தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவும் ஒளுவை அறையிலேயே செய்துகொள்ளுங்கள், முறிந்தால் இருக்கட்டும் என்று தனியாக அரை லிட்டர் தண்ணீர். திசைக்குக் குழப்பம் இல்லை. பாலியிலிருந்து கிப்லா, அதாவது தொழும் திசை, மேற்கிலிருந்து 23, 24 பாகை வடக்கே, கீழக்கரையிலும் ஏறக்குறைய அதே கோணம்தான்.