மருந்துக் கம்பெனியில் டாக்டருக்கு என்ன வேலை? சுங்கை சிப்புட் தாயாருக்குப் பதில்

அம்மா, உங்கள் மகள் ஹவுஸ்மன்ஷிப் (படிப்பு முடிந்ததும் ஆஸ்பத்திரியில் செய்யும் கட்டாயப் பயிற்சி) முடிந்ததும் மூளை, நரம்பு மருந்து ஆய்வுக்குப் போகிறேன் என்கிறாள். ஐந்து வருஷம் படிக்க வைத்தது மருந்து விற்கவா என்று கேட்டிருக்கிறீர்கள். அது விற்பனை இல்லை. புது மருந்தை நோயாளிகளிடம் சோதிக்கும்போது யாரைச் சேர்ப்பது, யாருக்கு மருந்தை நிறுத்துவது என்று பார்க்கிற டாக்டர் வேலை. ஆய்வில் நோயாளிகளின் பாதுகாப்பைக் கண்காணிக்கும் மெடிக்கல் மானிட்டராகத் தொடங்கி, பிறகு ஒரு மருந்தின் ஆய்வு முழுவதையும் நடத்தும் பொறுப்புக்கு வரலாம்.

செம்பனைக்குப் புது உரம் போட்டால் குலையை நிறுத்துப் பார்த்துவிடலாம். மறதி நோய்க்கு அப்படித் தராசு கிடையாது. நோயாளியிடமும் வீட்டாரிடமும் பேசித்தான் புள்ளி போட வேண்டும். அல்சைமருக்கான லெக்கானெமாப் மருந்தை 1,795 பேரிடம் 18 மாதம் சோதித்தார்கள். 18 புள்ளி அளவுகோலில் மருந்து எடுத்தவர்களுக்கும் மருந்தில்லாத போலி மருந்து எடுத்தவர்களுக்கும் வித்தியாசம் 0.45, அரைப் புள்ளிகூட இல்லை. புள்ளி போடுகிறவர்கள் ஆளுக்கொரு மாதிரி போட்டால் அந்த வித்தியாசமே மறைந்துவிடும். அவர்களைப் பழக்குவதும் கண்காணிப்பதும் ஆய்வை நடத்தும் தலைமை டாக்டரின் தலையில்தான் வந்து விழும்.

அதே ஆய்வில் மருந்து எடுத்தவர்களில் 12.6 விழுக்காட்டினருக்கு எம்ஆர்ஐயில் மூளை வீக்கம் தெரிந்தது; பெரும்பாலோருக்கு அறிகுறியே இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றும் மருந்து இது. நாளை ஏற்ற வேண்டிய நோயாளிக்கு இன்று தலைவலி, ஸ்கேனில் வீக்கம். ஏற்றலாமா என்று ஆஸ்பத்திரி டாக்டர் மெடிக்கல் மானிட்டருக்கு ராத்திரி போன் செய்வார். ஆய்வு விதிகளையும் ஸ்கேனையும் பார்த்துப் பதில் சொல்லி, காரணத்தை எழுதி வைக்க வேண்டும். மருந்தால் எதிர்பாராத மரணம் என்று சந்தேகம் வந்தால் அரசாங்கத்தின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு 7 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். அங்கே சாக்குப்போக்கு எடுபடாது.

படுக்கையருகே நின்று பழகாதவருக்கு இந்தத் துணிச்சல் வராது. அதனால் ஹவுஸ்மன்ஷிப் முடித்த கையோடு அனுப்பாதீர்கள். அவசரப்பட்டுப் போகிறவர்கள் ஆய்வுக் கோப்புகளைச் சரிபார்க்கும் வேலையில் சேருகிறார்கள். அதற்கு எம்பிபிஎஸ்ஸே தேவையில்லை. அங்கிருந்து முடிவெடுக்கும் இடத்துக்கு ஏறுவது கஷ்டம்.

மெடிக்கல் ஆபிசராகப் பொது மருத்துவத்தில் இருக்கட்டும். எம்ஆர்சிபி (பொது மருத்துவத்துக்கான பிரிட்டிஷ் மேல்நிலைத் தேர்வு) எழுதட்டும். நரம்பியலில் நிபுணர் பயிற்சியும் முடித்தால் தலைமைப் பதவிக்கு அதைவிடப் பலம் வேறில்லை, வருஷம் கூடினாலும். இடையிலேயே ஜிசிபி (மருந்து ஆய்வை முறைப்படி நடத்தும் விதிகள்) சான்றிதழ் எடுத்து, ஏதாவது ஓர் ஆய்வில் துணை ஆய்வாளராகச் சேரலாம். ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையிலேயே ஆய்வு மையம் இருக்கிறது. வீட்டுச் சோற்றோடு பழகலாம்.

உள்ளூர் வேலைகள் பெரும்பாலும் கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா பக்கம். உயர்ந்த பதவிகள் அதிகமாக அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும். கோடையில் பாஸ்டனில் காலை ஒன்பது என்றால் நமக்கு இரவு ஒன்பது. மீட்டிங் எல்லாம் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகுதான்.

இன்னொன்று. ஜேபிஏ (அரசாங்கப் பொதுச் சேவைத் துறை) உபகாரச் சம்பளத்தில் படித்திருந்தால், ராஜினாமா கடிதத்துக்கு முன் பிணைப்பு ஒப்பந்தத்தை எடுத்து, எத்தனை வருஷம் அரசாங்கச் சேவை பாக்கி என்று பார்க்கச் சொல்லுங்கள்.